நிழலும் ஓர் அமானிதம்

நம் இல்லங்களின் மரப்பெட்டிகளில் உறங்கும் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை உடனே புலப்படும். சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ புறப்பட்ட பாட்டனார் கடவுச்சீட்டுக்காக எடுத்துக்கொண்ட படம் இருக்கும். கடை திறந்த நாளில் தொப்பியணிந்து வரிசையாக நின்ற பெரியவர்களின் படம் இருக்கும். நிக்காஹ் மேடையில் மாலையோடு அமர்ந்த மாப்பிள்ளைகளின் படங்கள் இருக்கும். ஆனால், அந்த வீடுகளைக் கட்டிக் காத்த பாட்டிமார்களின் படம் பெரும்பாலும் இராது. அவர்களின் கைப்பக்குவம் பேச்சில் வாழ்கிறது. அவர்கள் சொன்ன பழமொழிகள் பேரப்பிள்ளைகளின் நாவில் வாழ்கின்றன. முகம் மட்டும், அதனைக் கண்டவர்கள் மௌத்தாகும்போது அவர்களோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது.

மார்க்கப் பேணுதலே இதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது ஒரு காரணந்தான். ஆனால் அதனோடு இணைந்த மற்றொரு காரணமும் உண்டு என்பதை, 2009-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக்குள் வந்த விலை குறைந்த டிஜிட்டல் கேமரா ஒன்று எனக்கு உணர்த்திற்று.

பிலிம் காலத்தில் ஒரு படம் உருவாக எத்தனை அந்நியக் கைகள் வேண்டியிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். ‘முகத்தைச் சற்றுத் திருப்புங்கள், முக்காட்டைக் கொஞ்சம் விலக்குங்கள்’ என்று சொல்லும் உரிமை ஸ்டூடியோக்காரருக்கு இருந்தது. இருட்டறையில் பிலிமைக் கழுவுபவர் ஒருவர். தாளில் பிரதி எடுப்பவர் இன்னொருவர். நெகட்டிவ் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். படம் நன்றாக அமைந்துவிட்டால், கடையின் கண்ணாடிப் பெட்டியில் வழிப்போக்கர் பார்வைக்கு வைக்கப்படுவதும் உண்டு. முகத்துக்கு உரியவர் அதனைக் காண்பதற்கு முன்பே, முன்பின் அறியாத மூவராவது பார்த்து முடித்திருப்பர்.

அந்தக் கறுப்பு வெள்ளைப் பிலிம் நம் மாநிலத்திலேயே உருவாயிற்று என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம்களை வழங்கியது. இந்து என்றால் நிலவு. அந்த நிலவொளி நாடெங்கும் ஸ்டூடியோக்களில் பரவிய காலத்திலும், நம் பெண்மக்களில் பலரது முகத்தில் அது படவேயில்லை.

என் உம்மாவும் அப்படிப்பட்டவர்களே. பழவேற்காட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, பனையோலைப் பின்னலில் பெயர் பெற்றவர்கள். டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1993-இல், வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்க ஆணை பிறந்தது. பின்னர் ஒரு நாள் பள்ளிக்கூட வரிசையில் நின்று, உம்மாவும் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அட்டை கைக்கு வந்ததும் நெடுநேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாரோ ஒரு பெண்பிள்ளை” என்று சொல்லி அலமாரிக்குள் வைத்தார்கள். அதுவரை அவர்களுடைய படமென்று உலகில் இருந்தது அது ஒன்றே.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பேருந்து. அங்கிருந்து கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு மின்ரயில். 2009 அக்டோபரில் கிடைத்த போனஸ் பணத்தில் அந்தக் கேமராவைச் சென்னையில் வாங்கினேன். அந்நிறுவனத்தின் வரிசையில் அதுவே கடைநிலைக் கருவி. பெரிய கேமராக்களின் அருகில், பந்தியில் ஓரமாக அமர்ந்த ஏழை உறவினர் போல் அது கடையில் இருந்தது.

கையிலெடுத்தபோது ஒரு சோப்புக்கட்டியின் அளவே இருந்தது. சட்டைப்பைக்குள் அடங்கிற்று. இரண்டு பென்சில் பாட்டரிகளே அதற்கு உணவு. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பொத்தானை அழுத்தியதும் மெல்லிய முனகலோடு வில்லை வெளியே நீண்டது, நத்தை தலையை நீட்டுவது போல. கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் துளை கிடையாது. பின்புறத்தில் இரண்டரை அங்குலத் திரை ஒன்று உண்டு. 10 மெகாபிக்சல் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தார்கள். ஒரு படத்தில் ஒரு கோடிப் புள்ளிகள் என்பது அதன் பொருள். நகத்தைவிடச் சற்றுப் பெரிய நினைவட்டையில் 500 படங்களுக்கு மேல் கொள்ளும். பிலிம் சுருளில் 36-ஐ எண்ணி எண்ணிச் செலவிட்ட கைகளுக்கு, அந்தத் தாராளம் முதலில் ஒரு கூச்சத்தையே தந்தது.

குறைகளும் முதல் வாரத்திலேயே தெரிந்தன. பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவதற்கும் இடையே ஒரு கணம் தயங்கும். அதற்குள் சிரித்த குழந்தை ஓடிவிடும், வெறுந்திண்ணை மட்டும் படத்தில் இருக்கும். மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்குள் எடுத்த படங்களில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் விழுந்தன. மின்னொளி போட்டால் பிள்ளைகளின் கண்கள் செங்கனல் ஆயின. ஏரிக்கரையில் நண்பகல் வெயிலில் திரையே தெரியாது. குத்துமதிப்பாகத் திசை பார்த்து அழுத்தவேண்டியதுதான். பூநாரைக் கூட்டம் வெண்புள்ளிக் கோலமாகப் பதிந்தது. எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரம் மட்டும் குறைவின்றி வந்தது. அது அசையாதது, வெயிலையே வேண்டுவது.

இக்குறைகளுக்குக் காரணம் கருவியின் உள்ளே ஒளியை ஏற்கும் சில்லின் சிறுமை. பிலிமின் ஒரு கட்டம் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இத்தகைய சிறு கேமராக்களின் சில்லோ ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. முற்றத்தில் வரிசை வரிசையாகக் கிண்ணங்களை வைத்து மழைநீர் பிடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு நீர் என்று அளந்து எழுதினால், எந்த இடத்தில் எவ்வளவு மழை என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடும். சில்லின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை இவ்வாறே பிடிக்கிறது; அளவு எண்ணாக மாறுகிறது; எண்களிலிருந்து படம் எழுகிறது. கிண்ணம் சிறிதானால், தூறலின்போது அளவு தடுமாறத்தானே செய்யும்?

இந்த முறைக்கு வித்திட்ட சில்லை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் உருவாக்கினர். நான் கேமரா வாங்கிய அதே 2009 அக்டோபரில்தான் அவ்விருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் அத்தகைய சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்துக்கு 10,000 புள்ளிகள். படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள். அதில் முதலில் பதிந்தது ஆய்வுக்கூட ஊழியராகிய ஒரு பெண்மணியின் உருவம். தலைமுடி தெரிந்தது, முகம் தெளிவாகவில்லை.

வாங்கிய மறுநாள் நண்பர்களுக்குக் காட்ட வேண்டி அதனை ஆலைக்கு எடுத்துச் சென்றேன். வாயிற்காவலர் பையைச் சோதித்து, கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வில்லையைக் கையில் தந்தார். உள்ளே படமெடுக்கக் கூடாது என்பது விதி. தங்கள் இயந்திரங்களின் அமைப்பை எவர் காணலாம், எவர் காணலாகாது என்று முடிவு செய்யும் உரிமை ஆலைக்கு உண்டு. அதை எவரும் பிற்போக்கு என்று சொல்வதில்லை. இரும்புக்கும் ஒரு கோஷா உண்டென்றால், தன் முகத்தைப் பற்றி அவ்வாறே எண்ணும் ஒரு மனுஷியை மட்டும் ஏன் ஏளனம் செய்ய வேண்டும் என்று அன்று மாலை ரயிலில் வரும்போது எண்ணிக்கொண்டேன்.

வீட்டில் பிள்ளைகள் கேமராவைச் சூழ்ந்து நின்றபோது, உம்மா சற்றுத் தள்ளியே அமர்ந்து ஓலை வகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆரவாரம் அடங்கிய பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“இதைக் கழுவ யாரிடம் கொடுப்பாய், தம்பி?”

“யாரிடமும் கொடுக்க வேண்டாம் உம்மா. எடுத்தவுடன் இதிலேயே தெரியும்.”

“வேண்டாம் என்றால்?”

“இந்தப் பொத்தானை அழுத்தினால் போய்விடும்.”

உம்மா பதில் பேசவில்லை. மறுநாள் அஸருக்குப் பின் என்னை அழைத்து, தாம் பின்னி முடித்த மூடிபோட்ட பெட்டி ஒன்றைப் படமெடுக்கச் சொன்னார்கள். சிவப்பும் பச்சையும் ஊடாடும் வேலைப்பாடு அது. “பின்னியது எல்லாம் விலைக்குப் போய்விடுகிறது. எந்த மாதிரியைப் போட்டேன் என்று எனக்கே மறந்துவிடுகிறது” என்றார்கள். அன்று முதல் விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியும் முதலில் கேமராவின் முன் வந்து அமர்ந்தது. பிறகு பின்னும் கைகளை எடுக்க இசைந்தார்கள். புதிதாகக் கற்கும் பெண்களுக்கு விரலின் பிடி விளங்க வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள். முகம் மட்டும் இன்னும் தொலைவிலேயே இருந்தது.

2010 சனவரி 15, வெள்ளிக்கிழமை. அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணம் கன்னியாகுமரி, இராமேசுவரம் பகுதிகளில் முழு வளையமாகவும், எங்கள் பக்கத்தில் பெரும்பகுதி மறைந்த பிறையாகவும் தெரிந்தது. ஜும்ஆவும் கிரகணத் தொழுகையும் முடித்து வீடு திரும்பியபோது, உம்மா முற்றத்தில் நின்று தரையைக் காட்டினார்கள். வேப்பமரத்து இலை இடுக்குகளின் வழியே விழுந்த வெயில் பொட்டுகள் அத்தனையும் பிறைகளாகியிருந்தன. நூற்றுக்கணக்கான பிறைகள் மண்ணில் அசைந்துகொண்டிருந்தன. “சுப்ஹானல்லாஹ்! இதை எடு தம்பி” என்றார்கள். எடுத்தேன். அந்தக் கருவி எடுத்தவற்றுள் மிகச் சிறந்த படம் அதுவே என்பது என் எண்ணம்.

கேமராவின் மூலக்கதையே அந்தப் பிறைகளில்தான் இருக்கிறது. பஸ்ராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து, கெய்ரோவில் 1040-ஐ ஒட்டி மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் சூரிய உருவம் பிறையாவது ஏன் என்று ஆராய்ந்து தனி நூலே எழுதினார். தம் பெருநூலாகிய ‘கிதாபுல் மனாளி’ரில், இருட்டறை ஒன்றின் துளைக்கு எதிரே பல விளக்குகளை ஏற்றி, அவற்றுள் ஒன்றை மறைத்தால் அறைக்குள் அதற்குரிய ஒளிப்பொட்டு மட்டும் மறைவதைக் காட்டினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்கர் பலர் நம்பியதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று நிறுவினார். கேமரா என்னும் சொல்லுக்கே லத்தீனில் அறை என்பதுதான் பொருள். ஐக்கிய நாடுகள் அவை 2015-ஐ ஒளியின் ஆண்டாகக் கொண்டாடியபோது, அவருடைய பெயர் உலகெங்கும் போற்றப்பட்டது.

இதை உம்மாவுக்கு என்னால் இயன்றவரை எடுத்துச் சொன்னேன். “அப்படியானால் இது நிழலைப் பிடித்து வைப்பதுதானே?” என்றார்கள். படிப்பறிவு அதிகமில்லாத உம்மா சொன்ன சொல் பெரிய ஆலிம்களின் விவாதத்தில் இடம்பெற்ற சொல். 1914 முதல் 1920 வரை எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று வாதிட்டு, அதனை ஆகுமானது என்றார். நம் நாட்டில் தேவ்பந்து மரபின் மூத்த உலமாக்கள் பலர் இதனை ஏற்கவில்லை. இன்றியமையாத தேவைக்கு மட்டுமே இடமளித்தனர். டிஜிட்டல் படம் வந்தபின், திரையில் தோன்றுவது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்றது, தாளில் அச்சிட்டால்தான் உருவப் படம் என்று வேறுபடுத்திச் சொன்ன உலமாக்களும் உண்டு. நான் எங்கள் ஹஜ்ரத் ஒருவரிடம் கேட்டேன். “சுவரில் மாட்டி மரியாதை செய்யாதீர்கள். பெருமைக்காக எடுக்காதீர்கள். யாருடைய படமோ அவருடைய சம்மதமில்லாமல் எடுக்கவும் காட்டவும் செய்யாதீர்கள்” என்றார். மூன்றாவது அறிவுரையை அவர் அழுத்திச் சொன்னார்.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் காலை, வெள்ளைத் துப்பட்டியுடன் முற்றத்துத் தூணருகே வந்து அமர்ந்து, “பேரப்பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள், ஒன்று எடு” என்றார்கள் உம்மா. ஒன்பது படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றையும் திரையில் காட்டச் சொன்னார்கள். ஒன்றில் கண் மூடியிருந்தது, அழிக்கச் சொன்னார்கள். ஒன்றில் சிரிப்பு மிகுந்துவிட்டது; அதுவும் போயிற்று. அழிக்கும் பொத்தானை எங்கே அழுத்துவது என்று கேட்டு, மூன்றாவதிலிருந்து தாமே அழுத்தத் தொடங்கினார்கள். இறுதியில் இரண்டு நின்றன. ‘யாரோ ஒரு பெண்பிள்ளை’ என்று அவர்களைச் சொல்லவைத்த அந்த அட்டைக்கும், இந்த இரண்டு படங்களுக்கும் உள்ள தூரம் எனக்கு அப்போது விளங்கிற்று. முன்னதை யாரோ எடுத்தார்கள், யாரோ ஏற்றார்கள். இவற்றை ஏற்றவர்கள் உம்மாவே.

“இது வீட்டுக்குள் இருக்கட்டும். வெளியே போகவேண்டாம். உன்னிடம் அமானிதம்” என்றார்கள்.

அழித்த படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அழிக்கும் பொத்தான் நினைவட்டையில் அந்தப் படத்தின் பெயர்ப்பதிவைத்தான் நீக்குகிறது. அந்த இடத்தில் வேறு படம் எழுதப்படும் வரை, உரிய மென்பொருளைக் கொண்டு பழைய படத்தை மீட்க இயலும். ஆதலால் அந்த அட்டையை நான் எவருக்கும் இரவல் தந்ததில்லை. இரண்டு படங்களையும் மைத்துனர் வீட்டு அச்சுப்பொறியில் பதித்து, உறையிலிட்டு, உம்மாவின் அலமாரியிலேயே வைத்தோம்.

அதற்குப் பின் உலகம் வேகமாக மாறிற்று. 2010-இல் ஜப்பானியக் கேமரா நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் அதிகம். 2023-இல் அந்தத் தொகை ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. உதகைத் தொழிற்சாலையும் நலிந்து மூடப்பட்டது. கைப்பேசியின் படம் என் பழைய கேமராவின் படத்தைவிடப் பன்மடங்கு அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் கதவு கிடையாது. எடுத்த மறுகணமே படம் குடும்பக் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து எவரெவர் கைக்கோ போகிறது. ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில் முன்பு ஒரு தெருவே பார்த்தது. இன்று ஊர் பேர் தெரியாதோர் எல்லாரும் பார்க்கலாம். அந்நியக் கைகள் இடையில் சில ஆண்டுகளே விலகி நின்றன போலும்.

உம்மா 2017-இல் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். செய்தி பரவிய ஒரு மணி நேரத்துக்குள், இரங்கல் செய்தியோடு சேர்க்க ஒரு படம் வேண்டுமென்று உறவினர் பலர் கேட்டனர். கொடுக்கவில்லை. அவர்களிற் சிலருக்கு வருத்தம். ஷார்ஜாவிலிருந்த அக்காள் மகள் மட்டும் அழுதுகொண்டே வாதாடினாள். “கடைசியாகப் பார்க்கவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நன்னிமாவின் முகம் எனக்கும் உரியதில்லையா மாமா?” என்றாள். உரியதுதான், பேரப்பிள்ளைகளுக்கென்றுதானே உம்மா தூணருகே வந்து அமர்ந்தார்கள்? ஆனால் கைப்பேசியில் அனுப்பினால் அவளிடம் மட்டும் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு படங்களையும், பின்னும் கைகளின் படத்தையும் அச்சிட்டு, ஊரிலிருந்து அங்கே திரும்பும் ஒருவரிடம் உறையிட்டுக் கொடுத்தனுப்பினேன். அது போய்ச்சேர ஐந்து வாரங்களாயின. ஐந்து வாரங்கள் அவளுக்கு நெடிது என்பதை நான் அறிவேன். உறை கிடைத்த அன்று பேசினாள். “கைகளையும் அனுப்பினீர்களே மாமா, அதுதான் எனக்கு நன்னிமா” என்றாள்.

படமே வேண்டாம் என்று விலகும் பெரியவர்களும், எல்லாவற்றையும் எடுத்து எங்கும் பரப்பும் இளைஞர்களும் இன்று ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். இவ்விருவருக்கும் இடையே ஒரு வழி உண்டு. வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். இசைந்தால், எடுத்ததை அவர்களிடமே காட்டி, வேண்டாதவற்றை அவர்கள் கையாலேயே அழிக்கச் செய்யுங்கள். எவர் பார்க்கலாம் என்று கேட்டு, நின்றவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். விலையுயர்ந்த கருவி இதற்குத் தேவையில்லை. கம்பியில்லாத் தொடர்பு எதுவுமற்ற பழைய சிறு கேமராவே இதற்கு ஏற்றது. அதன் தயக்கமும் மணல் தூவிய நிறமும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

பொருளை ஒப்படைத்தால்தான் அமானிதம் என்பதில்லை. நம்மை நம்பி ஒருவர் நம்முன் அமர்ந்து விட்டுச்சென்ற நிழலும் அமானிதமே. அதனைப் பேணும் நன்மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.